கல்லடி வீட்டுச் சுவருக்குக் கருநீலச் சாம்பல் பூசிய அனுபவம்

மட்டக்களப்பு, கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் வீட்டின் முன் ஹோலில், மேற்குப் பக்கச் சுவரைக் கருநீலமும் சாம்பலும் கலந்த அடர் நிறத்துக்கு மாற்றிய வேலையை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். இந்த நிறத்தை விரும்பிப் பூசிய சிலருடைய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பூசிய புதிதில் அழகாக இருந்த சுவர், அடுத்த மாரி கழிந்ததும் அடிப்பாகத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ற் பொரிந்து, திட்டுத்திட்டாகக் கழன்று நிற்கும். உடனே "கடும் நிறம் எங்கட ஊருக்குச் சரிவராது" என்று முடிவு கட்டி, மறுபடியும் வெள்ளைக்கே திரும்பிவிடுகிறார்கள். நிறம் எங்கள் ஊருக்கு மிக நன்றாகவே சரிவரும் என்பது என் கருத்து. ஆனால் எந்தச் சுவருக்கு எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் விழுகிறது, அந்தச் சுவருக்குள் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான் வர்ண அட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

வீடு 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கட்டப்பட்டது. சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் படை எதுவும் இடப்படவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நீர் உள்ளே புகுந்து வடிந்தபோது சுவர்கள் அந்த உப்பை வாங்கிக்கொண்டன. அதன் பிறகு எத்தனை முறை பெயின்ற் பூசினாலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பூச்சு நிலைத்ததில்லை. கரையோரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். வடக்குப் பார்த்த அறைக்கு நீலச் சாம்பல் பூசினால் அறை குளிர்ந்து, உயிரற்றுப் போய்விடும் என்று உள்ளலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எச்சரிப்பார்கள். அந்த அறிவுரை, சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில் சாய்ந்தே செல்லும் குளிர்நாடுகளுக்குரியது. மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. ஆகவே எங்களுக்கு வடக்கு, தெற்கு என்ற வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல. காலை வெயில் வரும் கிழக்கும் பின்னேர வெயில் அடிக்கும் மேற்குமே அறையின் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

எங்கள் ஹோலில் பெரிய யன்னல்கள் கிழக்கில் உள்ளன. யன்னல் இருக்கும் சுவருக்கே கடும் நிறம் பூசினால், வெளியே கண் கூசும் வெளிச்சமும் அதைச் சுற்றி இருட்டுமாகச் சேர்ந்து கண்ணை வருத்தும். யன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவரில் வெளிச்சம் உரசிக்கொண்டு போவதால், மேசன் விட்ட ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு எழுந்து தெரியும். யன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரில் வெளிச்சம் நேராக விழுவதால் நிறமும் முழுமையாகத் தெரிகிறது, குறைகளும் அடங்கிவிடுகின்றன. எனவே எதிர்ச்சுவரான மேற்குச் சுவரைத் தெரிவு செய்தேன். அதற்குப் பின்னால் குசினி இருப்பதால் பின்னேர வெயிலோ மழைச்சாரலோ அதைத் தொடுவதில்லை.

அம்மாவுக்கு இந்த எண்ணம் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. "உள்ளுக்க இருட்டடிச்சிரும் மனே, வெக்கையும் கூடிரும்" என்றார். இருட்டு என்பது நியாயமான கவலை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும். நான் எடுத்த நிறம் பத்துப் பங்கைக்கூடத் தராது. அதனால்தான் நான்கு சுவர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனைய மூன்றுக்கும் கூரைத் தட்டுக்கும் மங்கல் வெள்ளை பூசினேன். வெக்கையைப் பொறுத்தவரை, அறையைச் சுடவைப்பவை கூரையும் வெயில் படும் வெளிச்சுவர்களுமே. யன்னல் வழியே உள்ளே வந்துவிட்ட வெளிச்சம், சுவர் வெள்ளையாக இருந்தாலும் பலமுறை தெறித்து, ஈற்றில் பெரும்பகுதி அறைக்குள்ளேயேதான் சூடாக மாறுகிறது. வெயில் நேரே படாத உட்சுவரின் நிறத்தால் வெக்கை கூடுவது கையால் உணரக்கூடிய அளவு அல்ல. வெளிச்சுவருக்குக் கடும் நிறம் பூசுவது வேறு விடயம். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறத்தைத் தெரிவு செய்வதில் அவசரப்படவில்லை. ஐப்பசியில் மழை இருட்டிக்கொண்டு வரும் வேளையில் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் வாவி எந்த நிறத்தில் தெரியுமோ, அந்த நிறம்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஹாட்வெயார் கடையில் உள்ள கலவை இயந்திரம் இந்நிறத்தை உண்டாக்கும்போது, நீல நிறமியோடு கறுப்பையும், சில கலவைகளில் சிறிதளவு இரும்பு ஒக்சைட்டின் மஞ்சள் காவியையும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. காவி சற்றுக் கூடினால் நிறம் பச்சைக்கும் சாம்பலுக்கும் சாயும். கறுப்புக் குறைந்தால் பாடசாலைச் சீருடை நீலமாகிவிடும். அட்டையில் முத்திரை அளவில் இருக்கும் சதுரத்தைப் பார்த்து இந்த நுட்பத்தை அறிய முடியாது. ஆகவே மூன்று அடி உயரமுள்ள ஹாட்போட் துண்டுகளில் மாதிரி நிறங்களை இரண்டு பூச்சாகப் பூசி, அவற்றை மேற்குச் சுவரில் சாய்த்து வைத்து, காலை வெயிலிலும், பின்னேர மங்கலிலும், இரவில் மின்குமிழ் வெளிச்சத்திலும் பார்த்தோம். ஒரே பலகை காலையில் நீலமாகவும் இரவில் ஏறக்குறைய கறுப்பாகவும் தெரிந்தது. 6500 கெல்வின் வெள்ளைக் குமிழின் கீழ் கடுமையாகவும் குளிராகவும் நின்ற நிறம், 3000 கெல்வின் மஞ்சள் குமிழின் கீழ் மென்மையான சாம்பலாக இறங்கியது. குமிழை மாற்றுவதா நிறத்தை மாற்றுவதா என்பதை பெயின்ற் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள இந்தப் பலகைகள் உதவின. நாங்கள் குமிழை மாற்றினோம்.

இனி உப்பு. இந்த வேலையில் அதிக நேரத்தையும் கவனத்தையும் எடுத்தது இதுதான். முதலில் சுவரில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, 18 அங்குலச் சதுரமாக வெட்டிய தடித்த பொலித்தீன் துண்டுகளைத் தரைக்கு அண்மையிலும், இடுப்பளவிலும், தலைக்கு மேலும் நான்கு விளிம்பும் அடைபடும்படி டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டேன். அடியில் இருந்த துண்டின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. மற்ற இரண்டும் காய்ந்திருந்தன. ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது, மேலே இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. பிறகு சுரண்டியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். பூச்சு பொள்ளலாக இருக்கும் இடங்களில் சத்தம் மாறும். அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். பூத்திருந்த உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வெளியே போட்டேன். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் உப்புக் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய், காயும்போது திரும்பி வரும்.

அடிப்பகுதியை உடைத்துவிட்டு, நீர் புகாத சீமெந்துக் கலவையால் இறுக்கிப் பூசிவிடலாம் என்றுதான் முதலில் யோசனை இருந்தது. காத்தான்குடியிலிருந்து வந்த மேசன் நானா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "தம்பி, உப்ப அடைச்சா அது மேல ஏறும், வழி விட்டா வெளிய போகும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. சுவருக்குள் ஏறும் நீர் எங்கே காற்றோடு சேர்ந்து ஆவியாகிறதோ அங்கேதான் உப்புப் பளிங்காகித் திரளும். திரளும்போது ஏற்படும் அழுத்தமே பூச்சையும் பெயின்ற்றையும் வெடிக்க வைக்கிறது. அடியை அடைத்தால் ஆவியாகும் இடம் அதற்கு மேலே, அதாவது என் கருநீலப் பூச்சுக்குள், நகர்ந்துவிடும். ஆகவே தரையிலிருந்து ஓர் அடி உயரப் பட்டையை அடர் நிறத்துக்குக் கொடுக்காமல் சுண்ணாம்புக்கே விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதில் உப்புப் பூத்தாலும் வெள்ளைமேல் வெள்ளையாகக் கண்ணுக்குப் படாது. பொங்கலுக்குப் பொங்கல் கூட்டித் துடைத்து, மேலே ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடலாம்.

பழைய காலத்தில் இக்கரையோரத்தில் பவளப் பாறையான முருகைக் கற்களைச் சூளையில் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தது. அந்தத் தடை மிக அவசியமானது. இப்போது பையில் வரும் நீற்றிய சுண்ணாம்பே போதும். பட்டையில் இருந்த பழைய பூச்சைக் கல் தெரியும் வரை உடைத்து எடுத்து, ஆற்றுமணலும் சுண்ணாம்பும் கலந்த சாந்தால் நானா பூசினார். மணலில் உப்பு இருந்துவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண் என்பதால், மணலை நாவில் வைத்துப் பார்த்த பிறகே அவர் கலவைக்கு எடுத்தார். சுண்ணாம்புச் சாந்து மெதுவாகவே இறுகும். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை வாங்கித்தான் அது கல்லாக மாறுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். வெளியே கச்சான் எனும் வறண்ட மேல்காற்று வீசிக்கொண்டிருந்தபடியால் நனைத்த சாக்குகளைப் பட்டையின்மேல் சாய்த்து வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். பின்னர் சாக்குகளை எடுத்துவிட்டு, நான்கு வாரம் கழியும் வரை சுவரைத் தொடவில்லை.

மேற்பகுதியில் பழைய எமல்ஷன் நன்றாகவே ஒட்டியிருந்தது. உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டிய சில இடங்களை மட்டும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டேன். ஆணித் துவாரங்களையும் மயிரிழை வெடிப்புகளையும் ஃபில்லரால் அடைத்து, 120 எண் அரத்தாளாலும் பிறகு 220 எண் அரத்தாளாலும் தேய்த்தேன். அடர் நிறச் சுவருக்கு ஃபில்லர் வேலையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சரித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினால், கரண்டி விளிம்பு விட்ட கோடு, ஃபில்லர் சுருங்கிய குழி, அரத்தாள் கூடத் தேய்த்த பள்ளம் எல்லாம் நீண்ட நிழலோடு தெரியும். தெரிந்த இடத்தையெல்லாம் பென்சிலால் சுழித்துவிட்டு, மறுநாள் காலையில் அவற்றை மட்டும் திருத்தினேன். வெள்ளைச் சுவரில் யாரும் கவனிக்காத குறைகள் கடும் நிறத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், இந்தச் சோதனையை எவரும் விட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். கதவு நிலையில் இருந்த பழைய எனாமலைத் தேய்க்கும்போது மட்டும் முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பழைய எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதன் தூசு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பறக்கக்கூடாது.

அடுத்தது பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு. அடர் நிறங்களைக் கலப்பதற்குக் கடைக்காரர் எடுக்கும் அடிப்பெயின்ற்றில், மறைக்கும் சக்தி தரும் டைட்டேனியம் டைஒக்சைட் என்ற வெண் நிறமி மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் வெள்ளைப் பிரைமரின்மேல் நேராகப் பூசினால், நிறம் பல இடங்களில் மெலிந்து, எத்தனை பூச்சுப் போட்டாலும் உள்ளே இருந்து வெண்மை எட்டிப் பார்க்கும். காரத்தைத் தாங்கும் பிரைமரை வாங்கி, அதே கடையில் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். இந்தச் சாம்பல் பிரைமரின்மேல் இரண்டு பூச்சிலேயே கருநீலம் முழுமையாக மூடிவிட்டது.

பெயின்ற்றின் கணக்கு இலகுவானது. சுவரின் நீளம் 14 அடி, உயரம் 10 அடி. அடிப்பட்டை போக 126 சதுர அடி, அதாவது 12 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் ஏறத்தாழ 10 சதுர மீற்றருக்கு ஒரு பூச்சு வரும் என்று கொண்டால் இரண்டு பூச்சுக்கு இரண்டரை லீற்றர் போதும். நான் 4 லீற்றர் வாளியாக ஒரே தடவையில் வாங்கினேன். இடையில் முடிந்து மறுபடி கலக்கப் போனால், அதே எண்ணில் கலந்தாலும் நிறம் நூலளவு மாறக்கூடும். கலவை எண் அச்சிட்ட துண்டு மூடியில் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மினுக்கம் இல்லாத 'மேற்' (matt) வகையைத் தெரிவு செய்தேன், ஏனெனில் எங்கள் சுவர் நூல் பிடித்தாற்போல் நேரானது அல்ல. மினுக்கம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பூசுவதற்குச் சிறந்த காலம் எது என்று கேட்டால், மட்டக்களப்பில் மாரிக்கு முன்புதான் என்பேன். வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் பூச்சு காய்வது தாமதமாகும். அரைகுறையாகக் காய்ந்த அடர் நிறப் பெயின்ற்றின்மேல் காற்றின் ஈரம் படிந்தால், உள்ளிருக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள்கள் மேலே வந்து பிசுபிசுப்பான கோடுகளாக வடியும். ஆனால் கச்சான் காலத்துக்கும் அதற்குரிய தொல்லை உண்டு. மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி இறங்கி வரும் அந்தக் காற்று, பூசிய விளிம்பைக் கண் முன்னாலேயே காயவைத்துவிடும். காய்ந்த விளிம்பின்மேல் ரோலர் மறுபடி ஏறினால், அந்த இடத்தில் இரட்டைப் பூச்சாகி, கருமையான பட்டையாக நிரந்தரமாக நின்றுவிடும்.

ஆகவே விடிந்ததும் தொடங்கினோம். யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நானும் மச்சானும் சேர்ந்து வேலை செய்தோம். அவர் கூரையோரத்திலும் மூலையிலும் இரண்டடி நீளத்துக்குத் தூரிகையால் விளிம்பு எடுக்க, அது ஈரமாக இருக்கும்போதே நான் ரோலரைக் கொண்டு அதனோடு சேர்த்தேன். முழுச் சுவருக்கும் முதலில் விளிம்பு எடுத்துவிட்டுப் பிறகு ரோலர் போடும் முறை கச்சானில் உதவாது. ரோலரை நன்றாக நனைத்து, மேலிருந்து கீழாக ஒரு கை அகலம் நிரப்பி, கடைசி இழுப்பை எப்போதும் மேலிருந்து கீழாக, அழுத்தாமல், ஒரே திசையில் முடித்தேன். ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை நிறுத்தவே கூடாது. கூரைத் தட்டோடு சேரும் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தை முதலில் கூரையின் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு தடவை பூசி அடைத்த பிறகே கருநீலத்தைக் கொண்டு போனோம். கசிவது வெள்ளையாகவே கசியும், ஆகவே கோடு கத்தியால் வெட்டியதுபோல் வந்தது. இரண்டாம் பூச்சு முழுவதாகக் காயுமுன்பே டேப்பைச் சரிவாக உரித்தோம். கீழே சுண்ணாம்புப் பட்டையும் கருநீலமும் சந்திக்கும் இடத்தில் ஓர் அங்குல அகலமான முதிரை மரச் சட்டம் ஒன்றை ஆணியடித்துப் பொருத்தினோம். கதிரைகள் சுவரில் இடிப்பதையும் அது தடுக்கிறது.

அறையை ஒழுங்கு செய்வதில் புதிதாக வாங்கியது குறைவு. மஞ்சளும் சிவப்பும் கலந்த பொருள்கள்தாம் இந்த நிறத்தின் அருகே உயிர் பெறுகின்றன. இத்தனை காலமும் பழசாகத் தெரிந்த சிவப்புச் சீமெந்துத் தரை, கருநீலச் சுவரின் கீழே தேய்த்து மெருகிட்டதும், இந்தச் சுவருக்கென்றே போட்ட தரையாகத் தோன்றியது. அப்பப்பா காலத்து முதிரை வாங்கு, பித்தளைச் செம்பு, வெள்ளை விளிம்பு வைத்துச் சட்டமிட்ட குடும்பப் படங்கள் ஆகியவை அச்சுவரில் இடம் பிடித்தன. யன்னல்களுக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில், சாயமிடாத வெள்ளையில் சிவப்புக் கரை வைத்த திரைகளைத் தைத்துப் போட்டோம். அந்த நெசவின் சொரசொரப்பு, மினுக்கமில்லாத சுவரோடு நன்றாகச் சேர்கிறது. சுவரை நோக்கி வைத்த மின்குமிழைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் பொருத்தினேன். ஒட்டினாற்போல் வைத்தால், டோர்ச் காட்டிய அதே நிழல்களை அது ஒவ்வோர் இரவும் காட்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல்லியின் எச்சம் இந்தச் சுவரில் தூரத்திலிருந்தே தெரியும், உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் மினுக்கமில்லாத பூச்சு அந்த இடத்தில் மெருகேறிப் பளபளக்கும். அதே காரணத்துக்காகத்தான் வாங்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். நுளம்புகள் இருண்ட பரப்பில் வந்து இருப்பதை விரும்புகின்றன என்பதும் உண்மை. பொழுது சாயும் நேரத்தில் இச்சுவரில் அவற்றை அதிகமாகக் காண்கிறேன். கிழக்கு யன்னல்களுக்கு வலை அடித்த பிறகு அது குறைந்திருக்கிறது. எஞ்சிய பெயின்ற்றைக் காற்று நிற்காதபடி சிறிய கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடி வைத்திருக்கிறேன். திருத்த வேண்டி வந்தால் தூரிகையைத் தவிர்த்து, அதே ரோமமுள்ள சிறிய ரோலரால் ஒற்றினால்தான் திட்டுத் தெரியாது.

மாரி ஒன்று வந்து போய்விட்டது. எதிர்பார்த்தபடியே சுண்ணாம்புப் பட்டையில் உப்புப் பூத்தது. கூட்டியதும் உதிர்ந்தது. முதிரைச் சட்டத்துக்கு மேலே கருநீலம் பூசிய இடத்தில் பொரிவோ வெள்ளையோ இல்லை. பொலித்தீன் துண்டை அங்கே மறுபடி ஒட்டிப் பார்த்தபோதும் அது காய்ந்தே இருந்தது. இருட்டடிக்கும் என்று சொன்ன அம்மா இப்போது காலையில் பத்திரிகையோடு அந்த வாங்கில்தான் இருக்கிறார். மத்தியான வெளிச்சம் அங்கே கண்ணில் குத்தவில்லை என்கிறார். அடுத்து, தெற்கே உள்ள சிறிய படிப்பறையின் நான்கு சுவர்களுக்கும் இதே நிறம் பூச எண்ணியிருக்கிறேன். அதன் மேற்குச் சுவர் வெளிச்சுவர், பின்னேர வெயில் முழுவதும் அதில் அடிக்கிறது. ஆகவே முதலில் வெளியே நிழலுக்குத் தாழ்வாரம் ஒன்று இறக்கி, அடியில் ஓர் அடிக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசும்படி நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.